தர்மபுரியில ஒரு வாரம், ஆகஸ்ட் 2024: ஒரு கையெழுத்துக்காகப் போன கதை

10 ஆகஸ்ட், சனி. பெங்களூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி

ஊருக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே நான் அரை உசுரா இருந்தேன். புதன்கிழமை ராத்திரி பத்து மணி வரைக்கும் லண்டன்ல வால்தம்ஸ்டோங்கற ஏரியாவுல, கலவரக்காரங்கள எதுத்து நடுரோட்டுல நின்னுட்டு, வியாழன் நான் நர்சா இருக்கற ஆஸ்பத்திரி வார்டுல 12 மணி நேர ஷிஃப்ட் பாத்துட்டு, வெள்ளிக்கிழமை ஃப்ளைட். தாத்தா நெலத்துல எங்கம்மா பங்குக்கு நான் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும்னு சித்தப்பா மூணு மாசமா போன் பண்ணிட்டு இருந்தாரு. ஆடி மாசத்துல போய் என்ன பத்திரம்னு கேட்டா, இது பழைய பத்திரத்த திருத்தறதுதான், நல்ல நாள் பாக்க வேண்டியதில்லன்னு சொல்லிட்டாரு.

பெட்டியோட ஒரு சக்கரம் ஏர்போர்ட்டுலயே கழண்டு போச்சு, மிச்ச மூணு சக்கரத்துல நொண்டிக்கிட்டே வந்துச்சு. சித்தப்பா அனுப்பின கார் 5,500 ரூவா, டோல் தனி. டிரைவர் தம்பிக்கு முப்பது முப்பத்தொண்ணு வயசு இருக்கும், ரொம்ப பேசாத ஆளு, ஏசி போதுமாக்கா, பாட்டு வேணுமாக்கா, அவ்வளவுதான். எலக்ட்ரானிக் சிட்டிய தாண்டவே ஒன்றரை மணி நேரம். ஓசூர் தாண்டி சூளகிரி கிட்ட மழை புடிச்சுது பாருங்க, வைப்பர் ஒண்ணு வேலை செய்யல, அதுவும் என் பக்கத்து வைப்பர், அதனால கிருஷ்ணகிரி வரைக்கும் நான் எதையும் பாக்கல, தண்ணிய மட்டும் பாத்துட்டு வந்தேன்.

கிருஷ்ணகிரில பிரியாணி. மட்டன் 220. கூட கத்திரிக்கா தொக்கு, அதுக்காகவே அந்த ஊர்ல நிக்கலாம். பில்லு போடற பாய்க்கு டிரைவர் தம்பி என்னன்னு சொன்னானோ தெரியல, கை கழுவிட்டு வர்றதுக்குள்ள "லண்டன்ல இருந்தா வர்றீங்க? அங்க பள்ளிவாசல உடைச்சாங்களாமே?"ன்னு கேட்டாரு. அவருக்கு எனக்குத் தெரிஞ்சதுக்கு மேலயே தெரிஞ்சிருந்துச்சு. இங்கிலாந்துல சவுத்போர்ட்ங்கற ஊர்ல ஜூலை 29ந்தேதி டான்ஸ் கிளாஸ்ல மூணு சின்னப் புள்ளைங்கள ஒருத்தன் குத்திக் கொன்னது, அவன் படகுல வந்த முஸ்லிம் அகதின்னு யாரோ நெட்ல பொய்யக் கெளப்பி விட்டது, மறுநாள் ராத்திரியே அந்த ஊரு பள்ளிவாசல் மேல கல்லு விழுந்தது, எல்லாம் வரிசையா சொன்னாரு. குத்தினவன் கார்டிஃப்ல பொறந்த பையன்னு நான் சொன்னேன். தெரியும்னு தலைய ஆட்டிட்டு அவர் கேட்டது வேற. "மறுநாளே அந்த ஊரு ஜனங்களே வந்து செவுரு கட்டிக் குடுத்தாங்களாமே, நெஜமா?" நெஜந்தாங்க, செங்கல் வேலை தெரிஞ்சவங்க தானா வந்து கட்டிக் குடுத்தாங்க. "கூலி?" வாங்கல. பாய் அத ஒரு நிமிஷம் யோசிச்சாரு. மேஸ்திரி கூலி வாங்காத ஊரான்னு அவருக்கு ஆச்சரியம்.

எனக்கும் ஒரு ஆச்சரியம் இருந்துச்சு, நான் கேக்காத, சாப்பிடாத அவிச்ச முட்டைக்கு பில்லுல 15 ரூவா. இவ்வளவு பேசிட்டு எப்படிக் கேக்கறதுன்னு குடுத்துட்டு வந்துட்டேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு. சித்தி ஊரு

ஆடி கடைசி ஞாயிறு, மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க. காலைல ஏழு மணிக்கே சித்தி சொம்பு குடுத்து வரிசைல நிக்க வெச்சுட்டாங்க. முன்னாடி நின்ன ஒரு ஆயா திரும்பித் திரும்பிப் பாத்துட்டு "லண்டன்ல கூழு கெடைக்குமா சாமி?"ன்னாங்க. லண்டன்ல நான் இருக்கற ஈஸ்ட் ஹாம்ல ராகி மாவு கெடைக்குது ஆயா, நானே காச்சிக்குவேன்னேன். "அப்ப ஏன் எளைச்சுட்ட?" இதுக்கு எந்த நாட்டுலயும் பதில் கெடையாது. சின்ன வெங்காயம், மோர் மொளகா, முருங்கைக்கீரைப் பொரியல், கருவாடு. நான் ரெண்டு சொம்பு குடிச்சேன், அதோட பலன் 13ந்தேதி வரும்.

பத்து மணிக்கு சித்தப்பா என்னை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. பொம்பளைங்க யாரும் உக்காராத கடை. எனக்குன்னு உள்ள இருந்து பிளாஸ்டிக் சேர் ஒண்ணு வந்துச்சு, துண்டால தொடைச்சுப் போட்டாங்க, பெஞ்சுல இருந்தவங்க கொஞ்சம் நெளிஞ்சாங்க. டீ 12 ரூவா, டம்ளர் சூடு தாங்காம துப்பட்டாவுல புடிச்சுக் குடிச்சேன். பேப்பர்ல வயநாடு நிலச்சரிவு, வினேஷ் போகத்துக்கு எடை கூடிப் போன விஷயம், மேட்டூர் நெறஞ்சது.

ஒரு பெரியவர் கேட்டாரு, "கலவரத்துல உங்க பிரதமரே ஹெலிகாப்டர் ஏறி ஓடிட்டாராமே?"

"அது பங்களாதேஷ்ங்க."

"ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா நாங்க எப்படிக் கண்டுபுடிக்கறது?" அதுவும் நியாயம்.

சரின்னு நான் சொன்னேன். ஒரு வாரமா ஒவ்வொரு ஊரா பத்திக்கிட்டு வந்துச்சு. ராதர்ஹாம் பக்கத்துல அகதிங்க தங்கியிருந்த ஓட்டல உள்ள ஆளுங்க இருக்கும்போதே கொளுத்தப் பாத்தாங்க. மிடில்ஸ்பரோவுல ரோட்டுல போற கார நிறுத்தி நீ வெள்ளையா, இங்கிலீஷ்காரனான்னு கேட்டாங்க. சண்டர்லாண்டுல டியூட்டிக்குப் போயிட்டு இருந்த பிலிப்பைன்ஸ் நர்சுங்க மேல கல்லடி, அந்த நியூஸ் வந்த அன்னைக்கு எங்க வார்டுல யாரும் யாரையும் நேராப் பாக்கல, யூனிஃபார்ம் மேல கோட்டு போட்டுட்டுத்தான் வெளிய போகணும்னு பேசிக்கிட்டோம். அதுக்கப்புறம் 7ந்தேதி ராத்திரி எட்டு மணிக்கு கலவரக்காரங்க எங்கெங்க போகணும்னு ஒரு லிஸ்ட் சுத்துச்சு, எல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு விசா, அகதி கேஸ் பாக்கற வக்கீல் ஆபீசுங்க. அதுல ஒண்ணு வால்தம்ஸ்டோ. எங்க வீட்ல இருந்து 58ம் நம்பர் பஸ்.

மத்தியானமே கடைங்கள்ல பலகை அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஈஸ்ட் ஹாம்ல நம்ம மளிகைக்கடை அண்ணன் மூணு மணிக்கே ஷட்டர எறக்கிட்டாரு, கொத்தமல்லி வாங்கப் போனவள உள்ள விட்டு பின்பக்கமா அனுப்பினாரு. ஏழு மணிக்கு நான் வால்தம்ஸ்டோ ஹோ ஸ்ட்ரீட் போனப்போ ரோடு தெரியல, தலைதான் தெரிஞ்சுது, ஆயிரக்கணக்குல. தொப்பி போட்ட பசங்க, தாடி வெச்ச கிழவருங்க, டீச்சருங்க, கைக்கொழந்தக்காரி, மடக்கு நாற்காலி எடுத்துட்டு வந்து நடைபாதைல உக்காந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. யாரோ ஒரு அம்மா ட்ரே நெறைய சமோசா நீட்டினாங்க. எட்டு மணி ஆச்சு, எட்டரை ஆச்சு, வர்றேன்னவங்க வரல. நாடு பூரா அன்னைக்கு அப்படித்தான், பிரைட்டன்ல வந்த கொஞ்சம் பேர போலீஸ் சுத்தி நின்னு காப்பாத்த வேண்டியதாப் போச்சு.

"அப்ப அடிதடியே இல்லியா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. இல்லண்ணே, பாட்டு பாடினோம், கை தட்டினோம், பத்து மணிக்கு வீட்டுக்குக் கெளம்பிட்டோம். அவரு உடனே பேப்பர எடுத்துக்கிட்டாரு. அவருக்கு என் கதைல கிளைமாக்ஸ் இல்ல.

ஆனா சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கல. என் போன்ல இருந்த வீடியோவ வாங்கி கடை பூரா காட்டுனாரு. "பாருய்யா, வெள்ளைக்காரனே வந்து நம்ம ஆளுக்காக நின்னுருக்கான். அதான்யா மனுசத்தனம்."

12 ஆகஸ்ட், திங்கள். தர்மபுரி டவுன்

கையெழுத்துப் போட ஒரு ஆபீசுக்குப் போனோம், எந்த ஆபீஸ்னு சொல்லல, போனவங்களுக்குத் தெரியும். டோக்கன் நம்பர் 14. பதினோரு மணிக்கு சர்வர் டவுன். மத்தியானம் சர்வர் வந்துச்சு, அதப் பாக்கறவர் சாப்பிடப் போயிட்டாரு. அவர் வந்தாரு, கரண்டு போச்சு. மொத்தம் அஞ்சு மணி நேரம் ஒரே பெஞ்சு, மேல ஃபேன் சுத்தாம எங்களையே பாத்துட்டு இருந்துச்சு.

பக்கத்துல ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர், பாப்பாரப்பட்டிக்காரர். வந்த வேலை என் வேலை மாதிரியே, தம்பி பங்கு. டீக்கடை ஆளுங்க மாதிரி இல்ல, இவர் கேள்வி கேக்கற தினுசே வேற. "இந்த மாதிரி எதுத்து நிக்கறது அந்த ஊருக்குப் புதுசா, பழசா?"

நான் வேலைக்குப் போற வழிலதான் கேபிள் ஸ்ட்ரீட். பழைய டவுன் ஹால் செவுத்துல ஒரு பெரிய ஓவியம், குதிரை, போலீஸ், தடுப்பு, பறக்கற சாமானுங்க எல்லாம் ஒரே சுழல்ல இருக்கும், 1983ல முடிச்சது. அத தெனம் பாத்து பாத்து எனக்கு அந்தக் கதை மனப்பாடம், அதனால வாத்தியாருக்கே பாடம் எடுத்தேன். 1936 அக்டோபர் 4, ஞாயித்துக்கிழமை. ஆஸ்வால்ட் மோஸ்லின்னு ஒருத்தர், இத்தாலி முசோலினிய பாத்து கருப்புச் சட்டை ஃபாசிஸ்ட் படை சேத்தவரு, யூதருங்க நெறையா இருந்த கிழக்கு லண்டன் ஈஸ்ட் எண்ட் வழியா ஊர்வலம் போவேன்னு கெளம்புனாரு. சட்டைக்காரங்க ஒரு மூவாயிரம் பேரு, அவங்களுக்கு வழி எடுத்துக் குடுக்க ஆறாயிரத்துக்கு மேல போலீசு, குதிரைப் போலீசும் சேத்து. எதிர்ல லட்சத்துக்கு மேல ஜனம். ஒரு டிராம் டிரைவர் வண்டிய நட்டநடு முக்குல நிறுத்திட்டு எறங்கிப் போயிட்டாரு, ரோடு அடைஞ்சுது. பசங்க குதிரை காலடில கோலிகுண்ட உருட்டி விட்டாங்க. பொம்பளைங்க மாடில இருந்து அழுகின காய்கறி, அதோட மூத்திரச் சட்டியயும் சேத்துக் கவுத்தாங்க. கடைசில போலீஸ் கமிஷனரே மோஸ்லிய திரும்பிப் போகச் சொல்லிட்டாரு.

மூத்திரச் சட்டி சொன்னப்போ பெஞ்சுல எல்லாரும் திரும்பிட்டாங்க. முத்திரைத்தாள் விக்கறவர் கூட எழுதறத நிறுத்திட்டாரு.

எனக்கு அந்தக் கதைல ரொம்ப புடிச்சது வேற இடம். அன்னைக்கு யூதருங்க கூட நின்னது அயர்லாந்துக்கார துறைமுகக் கூலிங்க. எதுக்குன்னா 1912ல துறைமுக ஸ்ட்ரைக் நடந்தப்போ பட்டினி கெடந்த அவங்க வீட்டுப் புள்ளைங்கள இந்த யூத தையக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சோறு போட்டாங்க. 24 வருஷம் கழிச்சு அந்தப் புள்ளைங்க வளந்து வந்து ரோட்டுல நின்னாங்க. இத சொல்லும்போது எனக்கு எப்பவும் தொண்டை அடைக்கும், அன்னைக்கும் அடைச்சுது, ஃபேன் சுத்தாததால வேர்வைன்னு சமாளிச்சேன்.

ஹெட்மாஸ்டர் அசரல. "அதோட அந்தக் கட்சி அழிஞ்சு போச்சா?"

இல்லீங்க சார். அடுத்த ஞாயிறே மைல் எண்ட் ரோட்டுல அவங்க பசங்க யூதருங்க கடைக் கண்ணாடிய எல்லாம் ஒடச்சாங்க. அந்த வருஷக் கடைசில ஒரு சட்டம் வந்துச்சு, அரசியல் யூனிஃபார்ம் போட்டுட்டு ரோட்டுல போகக் கூடாதுன்னு.

"சட்டைய கழட்டச் சொன்னாங்க. சரி"ன்னாரு. அப்புறம் அவங்க ஊரு சுப்பிரமணிய சிவா பத்தி சொன்னாரு, ஜெயில்ல தொழுநோய் வந்து, அதுக்காகவே வெள்ளைக்காரன் ரயில்ல ஏறக் கூடாதுன்னு தடை போட, மனுசன் ஊர் ஊரா நடந்தே போய் பேசினாராம், 1925 ஜூலைல பாப்பாரப்பட்டிலதான் உசுரு போச்சு. எதுக்கு அத சொன்னாருன்னு அப்ப எனக்குப் புரியல, இப்பவும் முழுசாப் புரியல, ஆனா சொன்ன விதம் நல்லா இருந்துச்சு. நாலரை மணிக்கு எங்களை புதன்கிழமை வரச் சொல்லிட்டாங்க.

13 ஆகஸ்ட், செவ்வாய். எங்கயும் போகல

கூழா, பிரியாணியா, ஆபீஸ் பக்கத்துல குடிச்ச கரும்பு ஜூசா, எதுன்னு தெரியல. ராத்திரி மூணு மணில இருந்து பாத்ரூம்தான். நர்சு நானே எனக்கு உப்பு சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்தேன். சித்தி என்னை நம்பல, சுக்கு, ஓமம், கசக்கற ஏதோ ஒரு பச்சைச் சாறு.

சாயங்காலம் கொஞ்சம் தேறினதும் அடுப்படில போய் உக்காந்தேன். சித்தி களி கிண்டிட்டு இருந்தாங்க. கொதிக்கற தண்ணில ராகி மாவக் கொட்டி, சட்டிய ரெண்டு காலுக்கு நடுவுல இடுக்கி, துடுப்பு போட்டு கிண்டறத பாத்தாலே நமக்கு தோள்பட்டை வலிக்கும். கட்டி தட்டாம வரணும்னா நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தாமயே பேசினாங்க.

"அன்னைக்கு உங்க சித்தப்பா டீக்கடைல ரொம்ப பேசினாராமே."

ஆமா சித்தி.

"மனுசத்தனம்னாராமே."

நான் ஒண்ணும் சொல்லல.

"நத்தம் காலனி எரிஞ்ச அன்னைக்கு எங்களுக்குப் பொகை தெரிஞ்சுதுடி. இதே அடுப்படி சன்னல்ல இருந்துதான். நான் அரிசி களைஞ்சுட்டு இருந்தேன். உங்க சித்தப்பா வந்து கதவ சாத்திட்டு டிவி சவுண்ட ஏத்தி விட்டாரு. இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் டிவி சத்தம் அன்னைக்கு. நானும் ஒண்ணும் கேக்கல, சோத்த வடிச்சேன், சாப்புட்டோம்."

வெளியூர்க்காரங்களுக்காக சொல்லிடறேன். 2012 நவம்பர் 7. வேற வேற ஜாதில ஒரு பையனும் பொண்ணும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பொண்ணோட அப்பா தற்கொலை பண்ணிக்கிட்டாரு, அன்னைக்கு சாயங்காலமே கும்பல் கெளம்பி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டின்னு மூணு எடத்துல இருநூறுக்கும் மேல தலித் வீடுங்கள கொளுத்துச்சு. மறுவருஷம் ஜூலைல அந்தப் பையனும் தர்மபுரில ரயில் தண்டவாளம் ஓரமா பொணமா கெடந்தான். நான் அப்ப லண்டன்ல படிச்சுட்டு இருந்தேன். நியூஸ் பாத்து அழுதேன், ஃபேஸ்புக்குல எழுதினேன். சித்திக்குப் போன் பண்ணப்போ நீங்கல்லாம் பத்திரமான்னு கேட்டேன். நாங்க ஊருக்குள்ள இருக்கறவங்க, எங்களுக்கு என்ன வரப் போகுது? அது தெரிஞ்சும் அதத்தான் கேட்டேன், வேற ஒண்ணும் கேக்கல.

சித்தி களிய தண்ணி தொட்டு உருட்டி தட்டுல வெச்சாங்க. "உனக்கு வேணாம், வயிறு சரியில்ல"ன்னு எனக்கு ரசஞ்சோறு. ரசம் நல்லா இருந்துச்சு.

(படுத்துட்டே போன்ல பாத்தேன், இதே ஆகஸ்ட் 13, 1977லதான் லண்டன்ல லூவிஷம் சண்டை. நேஷனல் ஃப்ரண்ட்னு ஒரு வெள்ளை இனவெறிக் கட்சியோட ஊர்வலத்த ஜனங்க மறிச்சது, இங்கிலாந்து ரோட்டுல போலீஸ் மொத மொதலா கலவரக் கேடயம் எடுத்துட்டு வந்தது அன்னைக்குத்தான். கேடயம் புடிச்சது அந்த ஊர்வலத்த கொண்டு போய் சேக்கறதுக்கு.)

14 ஆகஸ்ட், புதன். திருப்பத்தூர் ரோடு

கையெழுத்துப் போட்டாச்சு! பதினஞ்சே நிமிஷம். ஆனா கிராமத்துல ஒருத்தர் கிட்ட இன்னொரு தாள் வாங்கணும்னு சொன்னாங்க, சித்தப்பாவுக்கு வேற வேலை, அதனால நானும் அதே டிரைவர் தம்பியும். அரை நாளுக்கு 1,200. தாள் வாங்கிட்டுத் திரும்பி வர்ற வழில ஒரு எடத்துல அவனா வண்டிய மெதுவாக்கினான். நாயக்கன்கொட்டாய். அங்க நக்சல்பாரி தலைவருங்க அப்பு, பாலன் ரெண்டு பேருக்கும் சிலை இருக்கு, பாலன் 1980ல போலீஸ் கைல செத்தவரு. ஒரு காலத்துல இந்தப் பக்கத்துல டீக்கடை ரெட்டை டம்ளர எதுத்து ஊருக்காரங்களும் காலனிக்காரங்களும் ஒண்ணா நின்னாங்கன்னு எங்க தாத்தா வயசு ஆளுங்க சொல்வாங்க. இப்ப சிலை இருக்கு.

"எங்க ஊரு உள்ள போகணும்க்கா"ன்னான்.

நாலு நாளா என்கூட வண்டி ஓட்டறான். டீக்கடைல வெளிய நின்னு பேப்பர் கப்புல டீ குடிச்சுட்டு நான் சொன்னது பூரா கேட்டிருக்கான். அவன் எந்த ஊருன்னு நான் கேக்கவே இல்ல.

"காலனி எரிஞ்ச அன்னைக்கு நான் பெங்களூர்ல பெயின்ட் வேலைல இருந்தேன்க்கா. ராத்திரி போன் வந்துச்சு, பஸ் ஏறி விடிய வந்து சேந்தேன். வீட்ல ஃப்ரிட்ஜ் மட்டும் நின்னுட்டு இருந்துச்சு, கருப்பா. அம்மா அதுக்கு இன்னும் ரெண்டு டியூ பாக்கின்னுட்டு உக்காந்திருந்துச்சு." அவ்வளவுதான் அதப் பத்தி. அப்புறம் கேள்வியா கேட்டான், ஒண்ணொண்ணா, வண்டி ஓட்டிட்டே.

"அந்த லிஸ்ட்ட யாரு வெளிய விட்டது? எத்தன நாள் முன்னாடி தெரியும்?"

"ரெண்டு நாள் இருக்கும் தம்பி."

"ரெண்டு நாள். ம். எந்த எடம்னும் எழுதியிருந்துச்சு."

"ஆமா, மணி கூட."

"போலீசு எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?"

புரியலன்னேன். "மூஞ்சி உங்க பக்கமா, முதுகு உங்க பக்கமா?"

இத இது வரைக்கும் யாரும் என்னைக் கேக்கல, எந்தக் கட்டுரைலயும் நான் படிக்கல. கண்ண மூடி யோசிச்சுப் பாத்தேன். நான் நின்ன எடத்துல முக்காவாசிப் பேரு முதுகுதான் எங்களுக்குக் காட்டிட்டு நின்னாங்க, ரோட்டு முனையப் பாத்து. அன்னைக்கு ஏதோ வித்தியாசமா இருந்துச்சுன்னு தோணிச்சே, இதுதான் அது. கேபிள் ஸ்ட்ரீட்ல மூஞ்சி ஜனங்க பக்கம். லூவிஷம் அதே. 1979 ஏப்ரல் 23 சவுத்ஹால்ல, பஞ்சாபிக்காரங்க நெறஞ்ச ஊர்ல, நேஷனல் ஃப்ரண்ட் டவுன் ஹால்ல கூட்டம் போட வந்தப்போ எதுத்து நின்னவங்க பக்கம்தான் மூஞ்சி, தடியும். பிளேர் பீச்னு ஒரு வாத்தியார், நியூசிலாந்துக்காரர், அவருக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்மந்தமும் கெடையாது, கூட நிக்க வந்தவரு, மண்டைல அடிபட்டு செத்துட்டாரு. அடிச்சது அனேகமா ஒரு போலீஸ்காரர்தான்னு போலீசே உள்ளுக்குள்ள எழுதி வெச்ச ரிப்போர்ட்ட 2010லதான் வெளிய விட்டாங்க. இதெல்லாம் சொன்னேன்.

"31 வருசம்"னு அவன் கணக்குப் போட்டான். "எங்களுக்கு 12தான் ஆச்சு."

"உங்க ஊர்ல அன்னைக்கு போலீசு?"ன்னு நான் கேட்டேன். கியர் மாத்தினான். எதிர்ல டிராக்டர் வந்துச்சு, ஒதுங்கினோம், அப்புறம் அவன் பேச்ச எடுக்கல, நானும் திரும்பக் கேக்கல. வழில பட்டுக்கூடு ஏத்தின டெம்போ ஒண்ணு முன்னாடி போயிட்டே இருந்துச்சு, அந்த வாசனை கண்ணாடிய ஏத்தினாலும் போகாது. மல்பெரி தோட்டம், தக்காளி, சாமந்தி, மழைக்கு முந்தின மாதிரி ஒரு வெளிச்சம். ஊரு அவ்வளவு அழகா இருந்துச்சு அன்னைக்கு, எனக்குக் கோவமா வந்துச்சு.

15 ஆகஸ்ட், வியாழன். கே.ஆர்.பி டேம்

சுதந்திர தினம். தெருமுனைல கொடியேத்தி ஆரஞ்சு மிட்டாய் குடுத்தாங்க. எல்லாரும் டேமுக்குப் போலாம்னு சித்தப்பா டெம்போ டிராவலர் புடிச்சுட்டாரு, 14 பேரு, 4,500. கிருஷ்ணகிரி டேம்ல லீவு நாள் கூட்டம்னா கூட்டம், வண்டி நிறுத்தவே முக்கா மணி நேரம். பொரிச்ச மீனு கண்ணுக்கு முன்னாடி மசாலா தடவி எண்ணெய்ல போட்டுக் குடுக்கறாங்க, ஒரு துண்டு 60, சின்ன துண்டு. வயித்துக்குப் பயந்து ஒண்ணு மட்டும்னு ஆரம்பிச்சு நாலு சாப்புட்டேன். பூங்கால ஒரு கொரங்கு சித்தப்பாவோட கண்ணாடிய புடுங்கிட்டு ஏறிடுச்சு, ரெண்டு பொரி பாக்கெட் குடுத்து மீட்டோம், ஒரு காது ஒடஞ்சுது.

பசங்க வேற கதை கேட்டாங்க, அடிதடி இல்லாம சிரிப்பா. வுன்ஸீடல் கதைய சொன்னேன். ஜெர்மனில சின்ன ஊரு. வருஷா வருஷம் அங்க நியோ நாஜிங்க ஊர்வலம் வருவாங்க, ஊர்க்காரங்க என்னென்னமோ பண்ணிப் பாத்தும் நிக்கல. 2014ல ஒரு வேலை பண்ணாங்க. நீங்க நடக்கற ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து யூரோ, நாஜி கும்பல விட்டு வெளிய வர்றவங்களுக்கு உதவற அமைப்புக்கு நன்கொடைன்னு முன்கூட்டியே வசூல் பண்ணி வெச்சுட்டாங்க. ரோட்டுல கோடு போட்டு இவ்வளவு ஆச்சு, இவ்வளவு ஆச்சுன்னு எழுதி, நடுவுல தெம்புக்கு வாழப்பழம் வெச்சு, கடைசில நன்றி போர்டு. அவனுங்க நடந்தாலும் நஷ்டம், நின்னாலும் நஷ்டம். பத்தாயிரம் யூரோ சேந்துச்சு. பசங்க உருண்டு பொரண்டு சிரிச்சாங்க, வாழப்பழத்துக்குத்தான் அதிகம்.

சித்தப்பா இன்னொரு பக்கம் டெம்போ டிரைவருக்கு வால்தம்ஸ்டோ சொல்லிட்டு இருந்தாரு. அவர் கதைல இப்ப நான் மொத வரிசைல நிக்கறேன், கைல மைக்கு வேற. கைது எண்ணிக்கை ஆயிரத்த தாண்டிருச்சுன்னு நியூஸ்ல வந்தது கூட என்னாலதான்ற மாதிரி போயிட்டு இருந்துச்சு. சித்தி என்னைப் பாத்தாங்க. நான் மீன் முள்ள பொறுக்கிட்டு இருந்தேன். சொல்லணும்னு தோணிச்சு, அந்த எடத்துல, 14 பேரு முன்னாடி. சொல்லல. ஹோ ஸ்ட்ரீட்ல ஆயிரக்கணக்கான பேரு கூட நிக்கறது சுலபம்.

16 ஆகஸ்ட், வெள்ளி. திரும்ப

ஆடி கடைசி வெள்ளி, வரலட்சுமி நோன்பும் சேந்து வந்துச்சு, காலைலயே கொழுக்கட்டை, மஞ்சக்கயிறு. பெட்டிக்கு நாலாவது சக்கரத்த சித்தப்பா எங்கயோ தேடிப் புடிச்சு மாட்டிட்டாரு, மிச்ச மூணுக்கும் அதுக்கும் உயரம் வேற. கெளம்பும்போது கண்ணு கலங்கிட்டாரு. நல்ல மனுசன்தான், அதுதான் பிரச்சினையே.

வண்டி காவேரிப்பட்டணம் வர்றதுக்குள்ள குடும்ப வாட்ஸப் குரூப்ல என் வீடியோ வந்துருச்சு, கூடவே சித்தப்பா எழுதினது, ஒற்றுமையே பலம், நாலு கை கூப்பல் பொம்மை. கீழ 31 பேரு லைக். கொஞ்சம் மேல தள்ளிப் பாத்தா, ஜூலை 30ந்தேதி அதே குரூப்ல, படகுல வந்தவன்தான் குத்தினான்னு அந்தப் பொய்யும் இருந்துச்சு. அதுக்கு 19 லைக். ரெண்டுலயும் ஒரே ஆளுங்க தான்.

காவேரிப்பட்டணத்துல நிறுத்தி நிப்பட்டு ரெண்டு பாக்கெட், 160 ரூவா. தம்பிக்கு ஒண்ணு நீட்டினேன், வேணாம்னு சொல்லிட்டு அப்புறம் எடுத்துக்கிட்டான். அந்த வைப்பர இன்னும் சரி பண்ணல.

"அக்கா, அந்த லிஸ்ட்ல உங்க ஆஸ்பத்திரி இருந்துச்சா?"

"இல்ல."

"உங்க வீடு இருக்கற தெரு?"

"இல்ல தம்பி."

"அப்புறம் ஏன் போனீங்க?"

நெறைய பதில் இருந்துச்சு எங்கிட்ட, கேபிள் ஸ்ட்ரீட்ல இருந்து. "வீட்ல தனியா உக்காந்திருக்க பயமா இருந்துச்சு"ன்னேன். நெஜமும் அதுதான்.

தலைய ஆட்டினான். சூளகிரி வந்துச்சு, மழை இல்ல, இந்தத் தடவை மலை எல்லாம் தெரிஞ்சுது. ஓசூர் வர்றதுக்குள்ள ஒரு பாக்கெட் காலி, இன்னொண்ணு பெட்டிக்குள்ள பொடியாயிடுச்சு, ஈஸ்ட் ஹாம் வந்து தயிர்ல போட்டு சாப்புட்டேன்.